கூட ஒரு சுற்று

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் நன்றாகச் சூடேற இன்னும் கால் மணி நேரமாவது ஓட வேண்டும், அதற்கப்புறம்தான் அளவுக் கம்பியை உருவிப் பார்க்க முடியும், அதுவரை எனக்கு இங்கே ஒரு வேலையும் கிடையாது, ஆனாலும் வேலையிருப்பவன் மாதிரி பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறேன். பானெட் திறந்திருப்பது நல்லதாகப் போயிற்று. மூடியிருந்தால் பொற்கொடியின் முகம் நேரே தெரியும். இப்போது பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டு விரல் சந்துதான், அதில் அவள் கைகள் மட்டும் தெரிகின்றன, ஸ்டீயரிங்கின் மேல், இடது உள்ளங்கையைச் சுற்றி ஒட்டிய அந்தப் பிளாஸ்திரி. பீரோக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். உள்ளங்கையை எந்த பீரோக் கதவு இடிக்கும். சிராய்ப்பு அது, தார் ரோட்டில் கையை ஊன்றி விழுந்தால் வருகிற சிராய்ப்பு, உள்ளே ஒரு பொடிக்கல் இருந்ததை நானே பார்த்தேன், பார்த்துவிட்டு பீரோக் கதவுக்கு எண்ணெய் போடணும் என்றேன். என்ன மனுஷன் நான். பொற்கொடி, என்றேன் இப்போது, லீவரை ரிவர்ஸில் போடு, பத்து விநாடி வை. பிரேக்கை மிதித்துக்கொண்டே போட்டாள், வண்டி லேசாகக் குலுங்கி நின்றது. அடுத்து நியூட்ரல். அடுத்து டிரைவ். ஆயில் எல்லாச் சந்துக்கும் போய்ச் சேர வேண்டுமல்லவா, அதற்காக. இதை ஏன் செய்கிறோம் என்று அவள் கேட்கவே இல்லை. முன்பெல்லாம் கேட்பாள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள், எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள், நான்தான் எரிச்சல் படுவேன். இந்த மூன்று வாரமாக நான் சொன்னதைச் செய்கிறாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை, மணி ஒன்பதரை, திருவெறும்பூரில் எங்கள் தெரு முழுக்கக் கறி வாசனை. எங்கள் வீட்டில் கியர் ஆயில் வாசனை. ஏப்ரல் கடைசியில் இந்த கியர்பாக்ஸ் வழுக்கி, கியர் பிடிக்காமல் போக ஆரம்பித்தபோது அவளுடைய அண்ணன் குணசீலன் விருதுநகரிலிருந்து போன் செய்தார். மதுரையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற ஒருத்தர் இருக்கிறார், வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள் மாப்ள என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அவர் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, இதெல்லாம் உங்களால் ஆகிற காரியமில்லை என்று எனக்குக் கேட்டது. அவர் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்டது. நான் தொழிற்சாலையில் நூற்றைம்பது டன் பிரஸ்ஸைப் பிரித்துப் பூட்டுகிறவன், இருபத்து மூன்று வருஷமாக அதுதான் பிழைப்பு, ஒரு காருடைய கியர்பாக்ஸ் என்ன பெரிய இது. நானே பாத்துக்கறேன் மச்சான் என்று சொல்லிவிட்டேன். பொற்கொடி மறுப்புச் சொல்லவில்லை. மே மாதம் பள்ளிக்கூடம் லீவு, வண்டி தேவையில்லை, ஜூனில் தயாராக இருந்தால் போதும் என்றாள். அவளுக்கு இந்த வண்டி எதற்கு என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். இடது காலில் சின்ன வயதில் வந்த போலியோ, தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பி வைத்த காலிப்பர், கிளட்ச் மிதிக்க முடியாது. பள்ளிக்கூடம் துறையூர் ரோட்டில், போக வர ஐம்பது கிலோமீட்டர். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆட்டோமேட்டிக்கைப் பழசில் வாங்கிக் கொடுத்தபோது, முதல் நாள் தனியாக ஓட்டிப் போய்விட்டு வந்து, இன்னிக்கு யாரையும் கையப் பிடிச்சு ஏத்திவிடுங்கன்னு கேக்கல என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பு. பானெட்டுக்குள் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறேன் நான், ரேடியேட்டர் குழாயையா.

நான்கு ஞாயிறும் மூன்று சனியும் வேலை நடந்தது. கார் நிற்கிற இடம் முழுக்கப் பழைய பேப்பரை விரித்து, கழற்றின வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்து, அவள் ஸ்கெட்ச் பேனாவால் பேப்பர் ஓரத்தில் எண் போட்டாள். கியர்பாக்ஸுக்குள் இருக்கிற கிளட்ச் தட்டுகளைப் பூட்டுவதற்கு முன்னால் ஆயிலில் ஊறவைக்க வேண்டும் என்றேன், பழைய இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இனி அதில் இட்லி அவிக்கமுடியாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், சிரித்தோம். கம்ப்யூட்டரில் இறக்கின கம்பெனிப் புத்தகத்தை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்து, எனக்குப் புரியாத இங்கிலீஷ் வரியையெல்லாம் வாசித்துச் சொன்னாள், முக்கியமான இடத்தில் பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவால் கோடு போட்டாள். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை இது ஒன்றுதான். அதை நினைத்தால்தான் ரொம்ப வேதனையாக இருக்கிறது. நன்றாகத்தான் இருந்தோம் அந்த மே மாதம். வெயில், வியர்வை, கையெல்லாம் சிவப்பு ஆயில், அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, சின்ன இரும்புக் குண்டுகளை எண்ணி டப்பாவில் போடுவாள். லாபம், ரெண்டு, மூணு, நாலு. ஒன்று என்கிற சொல் அவள் வாயில் வராது. விருதுநகரில் அவளுடைய அப்பாவுக்குப் பருப்பு மண்டி, அளக்கிறவர்கள் முதல் படிக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் சொல்வார்கள், அதைக் கேட்டு வளர்ந்தவள். துணி எண்ணினாலும் லாபம், நோட்டு எண்ணினாலும் லாபம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம். தினமும் காலையில் காலிப்பரின் ஐந்து வாரையும் கட்டும்போது கட்டிலிலிருந்து அந்தக் குரல் வரும், லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, அதுதான் எனக்கு எழுந்திருக்கிற மணி. ரிவர்ஸ் போடு, பொற்கொடி. போட்டாள். குலுக்கல் போன தடவையைவிட மெதுவாக இருக்கிறதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா.

அந்தச் சுற்று. எங்கே சுற்றினாலும் அந்தச் சுற்றில்தான் வந்து நிற்கிறேன். கியர்பாக்ஸுக்குள் ஒரு டிரம் இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை, அந்தப் பட்டை டிரம்மை இறுக்கிப் பிடித்தால்தான் இரண்டாவது கியர் விழும். பட்டை எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை வெளியிலிருந்து ஒரு ஸ்குரூ தீர்மானிக்கிறது. ஸ்குரூவை முட்டுகிறவரை இறுக்கிவிட்டு, அங்கிருந்து சரியாக மூன்று சுற்று தளர்த்த வேண்டும். புத்தகத்தில் அந்த மூன்றின் கீழே அவளுடைய சிவப்புக் கோடு இருந்தது. நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அங்கே ஸ்பேனரை முழுதாகச் சுற்ற இடம் கிடையாது, கால் சுற்று திருப்பி, எடுத்து, மறுபடி மாட்டிக் கால் சுற்று. எண்ணிக்கை தவறிவிடும் என்று ஸ்குரூவின் தலையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு கீழே வரும்போதெல்லாம் நான் ம் என்பேன், நீ எண்ணு என்றேன். ம் என்றேன். லாபம் என்றாள். ம். ரெண்டு. ம். மூணு. முடிந்தது. அத்தோடு, ஸ்குரூ நகராமல் பிடிக்கிற நட்டை இறுக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்கு அங்கே ஒரு முள் தைத்தது. லாபம் என்று சொன்னாளே, அது கணக்கில் சேர்த்தியா, சேராதா, சேராவிட்டால் இரண்டு சுற்றுதானே ஆகியிருக்கிறது. நான் சின்னப் பையனாக ரேஷன் வரிசையிலும் மளிகைக் கடையிலும் நின்றபோது அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன், ஆரம்பிக்கும்போது சாமி பேர் சொல்வது போல ஏதோ சொல்கிறார்கள், அதற்கப்புறம் எண்ணுகிறார்கள் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. பத்தொன்பது வருஷம் அவளோடு இருந்தும் அது அப்படியேதான் இருந்தது. முதல் ம்மை எப்போது சொன்னேன், ஒரு சுற்று முடிந்த பிறகா, ஸ்பேனரை மாட்டினவுடனேயா. கேட்டிருக்கலாம். பொற்கொடி, லாபம்னா ஒண்ணுதானே என்று நாற்காலியைப் பார்த்து ஒரு வார்த்தை. கேட்கவில்லை. கழுத்து வலித்தது, கண்ணில் தூசி விழுந்திருந்தது, அதெல்லாம் உண்மை, ஆனால் அதனால் இல்லை. பூட்டுகிறவன் நான், கணக்கு என் கையில் இருக்க வேண்டும் என்கிற திமிர். ம் சொல்லாமல், சத்தம் காட்டாமல், கூட ஒரு சுற்று விட்டு நட்டை இறுக்கினேன். மேலே அவள், முடிஞ்சுதா என்று கேட்டாள். முடிஞ்சுது என்றேன்.

பள்ளிக்கூடம் திறக்கிறதற்கு முந்தின நாள் ஓட்டிப் பார்த்தோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். தெருமுனை தாண்டி வேகம் எடுத்தவுடன் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற வேண்டிய இடத்தில் எஞ்சின் கத்தியது. வண்டி போகவில்லை, எஞ்சின் மட்டும் கத்துகிறது, அவள் பயந்துபோய் காலை எடுத்துவிட்டாள். அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, கையே சொல்லியது, ஸ்பேனர் பிடித்த வலது கை. பட்டை தளர்ந்து நிற்கிறது, அந்த ஒரு சுற்று. வீட்டுக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறோம், சரியாக அப்போது குணசீலன் போன். ஸ்பீக்கரில்தான் போட்டேன், கையெல்லாம் அழுக்கு. என்ன மாப்ள, வண்டி பறக்குதா என்றார். என் வாயிலிருந்து வந்தது இதுதான், உங்க தங்கச்சி எண்ணுனதுல ஏதோ இடிக்குது மச்சான், மூணு சுத்துக்கு என்னத்த எண்ணுச்சோ. சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். தமாஷ்தான். அந்த நேரத்தைத் தாண்டினால் போதும் என்று ஒரு தமாஷ். பொற்கொடி வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள், ஒரு காலை வெளியே வைத்து, மறு காலை இரண்டு கையாலும் தூக்கி வைக்கிற நேரம். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள், நான் சரியாத்தான் எண்ணினேன் என்று சண்டைக்கு வருவாள், நானும் சரி சரி விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அசடு வழியலாம் என்று காத்திருந்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை. இருக்கும், என்றாள். கணக்கு டீச்சர், இருபது வருஷமாக ஒரு கூட்டலில் தப்பு விடாதவள், இருக்கும் என்றாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பேசியிருந்தால் அது தமாஷாகவே போயிருக்கும். மறுநாள் அது பொய்யாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து அதை எடுக்க முடியாதபடி கெட்டிப்பட்டுவிட்டது.

வியாதி தெரிந்த பிறகு வைத்தியம் பார்க்காமல் மூன்று வாரம் ஓட்டியிருக்கிறேன், அதுவும் பெரிய நிபுணன் மாதிரி. ஸ்குரூவைத் தொட்டால் ஸ்குரூதான் காரணம் என்றாகிவிடும், சுற்றின் பேச்சு வரும், சுற்றின் பேச்சு வந்தால் யார் எண்ணியது, யார் திருப்பியது என்று வரும். அதனால் வேறெங்காவது ஒரு கோளாறு கிடைக்காதா என்று தேடினேன். கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், தப்பு அவள் மேலும் இல்லை என் மேலும் இல்லை, பாழாய்ப்போன ஒரு கேபிள் மேல் என்று முடித்திருக்கலாம். முதல் ஞாயிறு, ஆக்ஸிலேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற கேபிளைச் சரிசெய்தேன். இரண்டாவது ஞாயிறு அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரைக் கழுவினேன், ஃபில்டர் சுத்தமாகத்தான் இருந்தது, சுத்தமாக இருந்ததற்காக அதன் மேல் கோபம் வந்தது. ஆயிலை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்தோம், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே கத்தல். ஒவ்வொரு கத்தலிலும் அந்தப் பட்டை டிரம்மில் உரசித் தேய்கிறது என்று தெரிந்தேதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் மிதி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவள் பஸ்ஸில் போய்வந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து துறையூர் பஸ், படி இரண்டடி உயரம், கண்டக்டர் விசில் ஊதிவிடுவான். செவ்வாய்க்கிழமை விழுந்திருக்கிறாள். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, கூட வேலை பார்க்கிற டீச்சர் எங்கள் தெருவுக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனார், நான் அவளிடம் கேட்கவில்லை, அவள் பீரோக் கதவு என்றாள். நேற்று சாயங்காலம் மேஜையில் ஒரு வெள்ளைத் தாள், நீண்ட விடுப்பு விண்ணப்பம், தேதி மட்டும் போடவில்லை. நாளைக்கு வண்டி சரியாகலன்னா குடுத்துடறேன், பத்தாவது பிள்ளைகளுக்கு வேற யாராவது வந்து எடுக்கட்டும், எனக்குப் பஸ்ல ஏற இறங்க முடியல என்றாள். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவுமில்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். ராத்திரி பூரா அந்தத் தாள் என் கண்ணுக்குள் நின்றது.

கால் மணி நேரம் ஆயிற்று. கம்பியை உருவுகிறேன், துணியால் துடைக்கிறேன், மறுபடி விட்டு உருவுகிறேன். அளவு சரியாக இருக்கிறது. நிறம் சரியில்லை. போன ஞாயிறு ஊற்றியபோது ரத்தச் சிவப்பாக இருந்த ஆயில் இப்போது காப்பிக்கும் சிவப்புக்கும் நடுவில். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகிறேன், அடிப்பிடித்த பாலின் வாசனை, லேசாகத்தான், ஆனால் இருக்கிறது. பட்டை எரிய ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தால் அப்புறம் மூன்று சுற்றும் உதவாது, முப்பது சுற்றும் உதவாது, முழுசாக மறுபடி இறக்க வேண்டும், அவள் அந்தத் தாளில் தேதியைப் போட்டுவிடுவாள். எப்படியிருக்கு என்று கேட்கிறாள் வண்டிக்குள்ளிருந்து. பரவால்ல என்கிறேன், மறுபடி ஒரு பொய், கணக்கு வைக்க முடியாதபடி ஆகிவிட்டது. ஆஃப் பண்ணு, பொற்கொடி, அந்த ஸ்குரூவை ஒரு தடவ பாத்துடலாம். சொல்லிவிட்டேன். எஞ்சின் நின்றதும் அமைதியில் அவள் கதவைத் திறக்கிற சத்தம், காலிப்பரின் முழங்கால் பூட்டு டக்கென்று விழுகிற சத்தம். எண்ணணுமா, என்றாள். ஆமா. நான் எண்ணணுமா என்று மறுபடி கேட்டாள். நீதான் என்றேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, நான் தொழிற்சாலையில் செய்துகொண்டுவந்த இரும்புத் தாங்கிகளை இரண்டு பக்கமும் கொடுத்து, அடியில் போய்விட்டேன். கொதிக்கிறது இங்கே, சைலன்சர் குழாய் முழங்கையைத் தொட்டுவிட்டது, சுரீரென்றது, வாங்கிக்கொள்கிறேன். நட்டைத் தளர்த்தியாயிற்று. என் திட்டம் சுலபம். தளர்த்த வேண்டாம், முதலில் முட்டுகிற வரைக்கும் இறுக்க வேண்டும், எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ண வேண்டும், அப்புறம் புதிதாக மூன்று சுற்று விட வேண்டும். வண்டி ஓடும். அவள் பள்ளிக்கூடம் போவாள். சரியாகிடுச்சு என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும், நான் எதுவும் சொல்லவே வேண்டியதில்லை. வெள்ளைப் பொட்டு தெரிகிறது, பூசினபடி அப்படியே இருக்கிறது. பொட்டு கீழே வருது, எண்ணு. ம் என்கிறேன். நாற்காலியிலிருந்து சத்தமில்லை. ம், என்கிறேன் மறுபடி. ஒண்ணு, என்றாள்.

ஒண்ணு. கை நின்றுவிட்டது. காதில் தப்பாக விழுந்ததோ என்று பார்த்தேன், இல்லை, தெளிவாகத்தான் சொன்னாள், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற குரலில். இந்த மூன்று வாரமாகக் காலையில் கட்டிலிலிருந்து அந்தக் குரல் வரவே இல்லையே, வாரைச் சத்தமில்லாமல் கட்டியிருக்கிறாள், பஸ்ஸுக்கு அவசரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பா வாயிலிருந்து அவள் வாய்க்கு வந்த சொல், பிள்ளைகள் சிரித்தும் விடாத சொல், நான் கல்யாணமான புதிதில் எவ்வளவு கேலி செய்தும் விடாத சொல், அதை விட்டுவிட்டாள். அதுதான் தப்புக்குக் காரணம் என்று அவளாகவே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாள், திருத்திக்கொண்டிருக்கிறாள். என்ன ஆச்சு, நிறுத்திட்டீங்க என்கிறாள். ஒன்றுமில்லை, வியர்வை என்கிறேன். ஸ்பேனரை மாட்டுகிறேன், கால் சுற்று, எடுக்கிறேன், கால் சுற்று. ம். ரெண்டு. கால், கால், கால், கால். ம். மூணு. இங்கே முட்ட வேண்டும், கடவுளே, இங்கேயே முட்டிவிடட்டும், நான் அன்றைக்குக் கூட விட்டதே கனவாக இருக்கட்டும், வேறு ஏதாவது ஒன்று காரணமாக இருக்கட்டும். ஸ்பேனர் இன்னும் திரும்புகிறது. தடையே இல்லாமல் திரும்புகிறது. பொட்டு மறுபடி கீழே வந்தபோதுதான் உள்ளே பட்டை டிரம்மில் போய் உட்கார்ந்தது, கையில் அந்த அழுத்தம் தெரிந்தது. ம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே குனிந்து பார்த்துவிட்டாள் போல. நாலு, என்றாள்.

அடுத்த வீட்டு குக்கர் விசில் அடித்தது.

"நாலு சுத்து விட்டிருக்கோம் அன்னிக்கு," என்றாள். "அப்ப நான்தான் தப்பா எண்ணியிருக்கேன். நீங்க சொன்னது சரிதான்."

இதைவிட நல்ல சாட்சி எனக்கு இனிமேல் கிடைக்காது. அவள் வாயாலேயே, எண்ணிப் பார்த்து, நிரூபித்து. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவளுடைய பாதங்கள் மட்டும்தான் தெரிகின்றன, வலது காலில் ரப்பர் செருப்பு, இடது காலில் கம்பி கோத்த பூட்ஸ், அதன் ஓரம் தேய்ந்திருக்கிறது, மூன்று வாரத்துப் பஸ் ஸ்டாண்டு அலைச்சல். பேசாமல் இருந்துவிடலாம். மூன்று சுற்று விட்டு நட்டை இறுக்கிவிட்டு வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொள்ளலாம். அவள் என்னை மன்னித்துக்கூட விடுவாள், அதாவது தன்னை மன்னிக்கச் சொல்லி என்னிடம் கேட்பாள். அப்படி ஒரு மன்னிப்பை நான் அவளுக்குக் கொடுக்கப்போகிறேனா.

"நீ மூணுதான் எண்ணினே," என்றேன். "சரியாத்தான் எண்ணினே. அதுக்கு மேல ஒரு சுத்து நானா விட்டேன். உங்கிட்டச் சொல்லல."

பாதங்கள் அசையவில்லை.

"எதுக்கு?"

"லாபம்னா கணக்குல வராதுன்னு நெனச்சேன்."

"கேக்கலாம்ல."

"கேக்கல."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்."

"அன்னிக்கேன்னா, அண்ணன்கிட்டப் போன்ல சொன்னீங்களே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவள் பரீட்சைத் தாள் திருத்துகிறதைப் பார்த்திருக்கிறேன். தப்பு எந்தப் படியில் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்கிறவரை விடமாட்டாள், அந்த இடத்தில்தான் சிவப்புப் பேனாவை வைப்பாள். முன்னாடி, என்றேன். வேறென்ன சொல்ல. ஒரு காய்ந்த சேற்றுத் துண்டு என் கன்னத்தில் விழுந்தது, தட்டிவிடவில்லை. முதல்ல மூணு சுத்து விட்டு முடிங்க என்றாள். அவள் எண்ணினாள், நான் திருப்பினேன், மூன்றாவதில் நிறுத்தி நட்டை இறுக்கினேன், இரண்டு தடவை ஸ்பேனர் வழுக்கியது. வெளியே வந்து வண்டியைக் கீழே இறக்கினபோது அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் என் போன். அண்ணனுக்குப் போடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க என்று நீட்டினாள். இப்பவேவா என்றேன். நீட்டின கையை அவள் மடக்கவில்லை, பிளாஸ்திரி ஒட்டின கை.

குணசீலன் கடையில் இருந்தார், பின்னால் மூட்டை இறக்குகிற சத்தம். மச்சான், ஒரு விஷயம் என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், கார் ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டு, ஆயில் ஒழுகுகிற கையோடு. அன்னிக்குப் பொற்கொடி சரியாத்தான் எண்ணுச்சு, தப்பு நான் பண்ணினது, தெரிஞ்சேதான் அது மேல போட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றும் நினைத்தேன்.

"என்ன மாப்ள சொல்றீக," என்றார். "பாப்பா அன்னைக்குச் சாயங்காலமே தனியாப் போன் போட்டுச்சே. தப்பு எம்மேலதான்ணே, அவரு ஒரு மாசமா வெயில்ல கெடந்து உழைச்சிருக்காரு, இத வச்சு அவரக் கேலி பண்ணிராதீகன்னு சொல்லுச்சு. நாங்கூட—"

பொற்கொடி கையை நீட்டி போனை அணைத்துவிட்டாள். முகம் சிவந்துபோயிருந்தது. அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை, இப்போதும் அழவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அத அண்ணன் சொல்லியிருக்க வேணாம், என்றாள், என்னைப் பார்த்து இல்லை, கேட்டைப் பார்த்து. நான் அந்தக் கார் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சாயங்காலம் நான் எங்கே இருந்தேன், குளித்துக்கொண்டிருந்திருப்பேன், சோப்புப் போட்டும் போகாத ஆயிலைத் தேய்த்துக்கொண்டு, அவள் அடுத்த அறையில் எனக்காக அண்ணனிடம் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் போட்ட பழியைச் சுமந்துகொண்டு, அதோடு என் மானத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

சாவியைத் திருப்பினாள், எஞ்சின் பிடித்தது. நான் வழக்கம்போல அந்தப் பக்கக் கதவைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்றாள். துறையூர் ரோடு வரை அவள் மட்டும் போய்விட்டு வருகிறாளாம். ரெண்டாவது பிடிக்கலன்னா நடுவழியில, என்று ஆரம்பித்தேன்.

"பிடிக்குதா இல்லையான்னு வந்து சொல்றேன்," என்றாள். "நான் சொன்னா நம்புவீங்கல்ல?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. ரிவர்ஸில் வண்டி கேட்டைத் தாண்டியது, திரும்பியது. தெருமுனை வரை முதல் கியர், அங்கேதான் வேகம் எடுப்பாள், இரண்டாவது விழுகிறதா, எஞ்சின் கத்துகிறதா என்று இங்கிருந்தே கேட்டுவிடும், எனக்கு அந்தச் சத்தம் மனப்பாடம், இன்னும் ஐந்தாறு விநாடி. அவள் வந்து சொல்வதற்கு முன்னால் அதை நான் கேட்டுவிடக் கூடாது என்று கொல்லைப் பக்கம் ஓடினேன். தகர வாளியை இழுத்துக் குழாய்க்கு அடியில் வைத்து முழுதாகத் திறந்துவிட்டேன், வாளிக்குள் தண்ணீர் தடதடவென்று விழுந்தது, வேறெதுவும் காதில் விழவில்லை. வாளி நிரம்பியது. கவிழ்த்துவிட்டு மறுபடி வைத்தேன்.